அக்கா ஜவுளிக்கடையில் வேலை, பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. என்ன செய்வது?

வைகைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். அவளுக்கு வயது 34. மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை செக்‌ஷனில் வேலை. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் வெளியே வர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் இன்னும் நேரமாகும்.

அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து போகிறது. ஆறு மாதத்துக்குள் இது இரண்டாவது தடவை. இந்த முறை அடிவயிற்று வலியும் சேர்ந்துகொண்டது. டாக்டர் யூரின் டெஸ்ட் பார்த்துவிட்டு இன்ஃபெக்‌ஷன் என்று ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தண்ணி நிறையக் குடிக்கணும்மா" என்றார். அக்காவும் சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் அவள் கொண்டுபோகிற ஒரு லிட்டர் பாட்டிலை ராத்திரி வாங்கிப் பார்த்தால் கழுத்து வரைக்கும் தண்ணீர் அப்படியே இருக்கிறது.

கேட்டால் காரணம் வைத்திருக்கிறாள். லேடீஸ் பாத்ரூம் ஐந்தாவது மாடியில், குடோனை ஒட்டி இருக்கிறது. லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். செக்‌ஷனை விட்டு நகர வேண்டும் என்றால் ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவர் சின்னப் பையன், ஒவ்வொரு தடவையும் அவரிடம் போய்ச் சொல்ல இவளுக்குக் கூச்சம். கஸ்டமர் குடும்பத்தோடு உட்கார்ந்து இருபது சேலையைப் பிரித்துப் போட்டிருக்கும்போது பாதியில் எழுந்து போகவும் முடியாது. போய்விட்டு வருவதற்குள் பில் வேறு யாராவது பெயரில் போய்விடும். இன்சென்டிவ் போய்விடும். "தண்ணி குடிச்சாத்தானேடா இந்தப் பிரச்சினை" என்கிறாள்.

எனக்குத் தெரிய வேண்டியவை:

ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு குடிக்க வேண்டும்? எட்டு டம்ளர் என்கிறார்கள், மூன்று லிட்டர் என்கிறார்கள், வாட்ஸ்அப்பில் நாலு லிட்டர் என்று வருகிறது. பகலில் முடியாவிட்டால் காலையிலும் ராத்திரியிலும் சேர்த்துக் குடித்து ஈடுகட்டலாமா? பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு போதுமா? கடையில் இதை எப்படிப் பேசுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

விடியற்காலை

தம்பி, எளிய வழி ஒன்று சொல்கிறேன். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லுங்கள். நான் பல வருடமாகச் செய்கிறேன். வயிறு சுத்தமாகிறது, உடம்புச் சூடு தணிகிறது. அக்கா வேலைக்குக் கிளம்புவதற்குள் எல்லாம் வெளியேறிவிடும், கடையில் தொந்தரவே இருக்காது. ராத்திரி வந்ததும் இன்னொரு லிட்டர். கணக்கு சரியாகிவிடும்.

---

பழைய நர்ஸ்

தம்பி, நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். திருநெல்வேலிப் பக்கம். வேலையின் பின்பாதி முழுக்கச் சிறுநீரகப் பிரிவில்தான். உங்கள் அக்கா மாதிரி எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஜவுளிக்கடைப் பெண்கள், பந்தோபஸ்துக்கு நிற்கிற பெண் போலீஸ், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், டீச்சர்கள். இவர்களில் ஒருவருக்குக்கூட "தண்ணீர் குடிக்க வேண்டும்" என்பது தெரியாமல் இல்லை. குடித்தால் எங்கே போவது என்பதுதான் அவர்கள் பிரச்சினை. அதனால் நான் சாம்பிள் குப்பியைக் கையில் வாங்கும்போதே, "வேலை பார்க்கிற இடத்துல பாத்ரூம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுவிடுவேன். அதைக் கேட்காமல் தண்ணீர் குடி என்று சொல்வது பாதி வைத்தியம்தான். நீங்கள் அந்தக் காரணத்தைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அக்காவிடமும் சொல்லுங்கள். தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரக்கும். இருக்கிற தண்ணீரைப் பிடித்து வை என்று அது சிறுநீரகத்துக்குச் சொல்லும். சிறுநீர் கொஞ்சமாக, அடர்த்தியாக இறங்கும். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை நாலு சென்டிமீட்டர் அளவுதான், ஆண்களைவிட மிகச் சிறியது. குடலில் இருக்கிற ஈ.கோலை கிருமி வெளியிலிருந்து சிறுநீர்ப்பைக்குள் ஏறிவருவது பெண்களுக்கு அதனால்தான் சுலபம். நீர்க்கடுப்பில் பெரும்பாலும் குற்றவாளி அந்தக் கிருமிதான். வசதியான சூழல் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஜாதி அது. அவ்வப்போது சிறுநீர் இறங்கினால் கிருமியும் கூடவே வெளியே அடித்துச் செல்லப்படும். ஏழெட்டு மணி நேரம் அடக்கி வைத்தால் அதற்கு அங்கேயே பெருக நேரம் கிடைத்துவிடும்.

இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வருகிற, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை வந்தது. மற்றவர்களுக்கு 3.2 தடவை. 2018-இல் வெளிவந்த ஆய்வு இது. ஆன்டிபயாடிக் தேவையும் கூடவே குறைந்தது. வெறும் தண்ணீரில் இவ்வளவு கிடைக்கிறது என்பதால்தான் நான் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி அளவுக்கு வருகிறேன். எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. எட்டு டம்ளர் கதைக்குப் பின்னால் 1945-இல் அமெரிக்காவில் சொன்ன இரண்டரை லிட்டர் கணக்கு இருக்கிறது என்பார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே வந்துவிடும் என்று அவர்களே அடுத்த வரியில் சொல்லியிருந்தார்கள். அந்த வரி ஊர் ஊராகப் போகும்போது விட்டுப்போயிற்று. 2004-இல் அங்கே பெண்களுக்கு மொத்தம் 2.7 லிட்டர் என்றார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு சாப்பாட்டில் வருவது, காப்பி, பால், மோர் எல்லாம் மீதிக் கணக்கில் சேரும். நம் ஊர்ச் சோறு, ரசம், கஞ்சி எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. ஆனால் நம் வெயிலும் வேர்வையும் அதைவிட அதிகம். உங்கள் அக்கா மாதிரி நாள் முழுக்க நிற்கிற, வேறு நோய் இல்லாத பெண்ணுக்கு, சாப்பாடு போக இரண்டு முதல் இரண்டரை லிட்டர் என்று நான் சொல்வேன். ஏசி தளமாக இருந்தாலும் இதுதான். ஏசியில் தாகம் தெரியாது, அவ்வளவுதான்.

லிட்டர் கணக்கைவிடச் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது சுலபம். வார்டில் காலையில் வரிசையாக வைக்கிற குப்பிகளைப் பார்த்தாலே யார் குடிக்கிறார்கள், யார் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். எலுமிச்சை ஜூஸ் மாதிரி வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் போதவில்லை. தூங்கி எழுந்ததும் முதலில் போவது கொஞ்சம் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். மதியம் போவதைப் பார்க்கச் சொல்லுங்கள். பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் பளீர் மஞ்சளாக வரும், அது கணக்கில் இல்லை.

விடியற்காலை ஐயா சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அது ஒத்துப்போகிறது என்றால் மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பெண்ணுக்கு அது உதவாது. சிறுநீரகத்தால் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் ஒரு லிட்டர் அளவுதான் வெளியேற்ற முடியும். காலையில் கடகடவென்று குடித்தது கடைக்குப் போவதற்குள் போய்விடும். பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை பை மறுபடியும் அதே அடர்த்தியான சிறுநீரோடுதான் கிடக்கும். நோய் வருவதே அந்த நேரத்தில்தானே? ராத்திரி ஒரு லிட்டர் குடித்தால் தூக்கம்தான் கெடும். இன்னொன்று, தாகமும் இல்லாமல் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும். 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் ரத்தம் கொடுத்த 488 பேரைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு அப்படிக் குறைந்திருந்தது. தண்ணீர்தானே என்று நினைக்கக் கூடாது.

அதனால் பாத்ரூம் போகிற நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். தண்ணீரை அதற்குத் தகுந்த மாதிரிப் பிரித்துக் கொள்ளலாம். கடையில் மூன்று தடவை போக முடிந்தால் போதும்: பதினொன்றரை வாக்கில் ஒருமுறை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, மாலை டீ நேரத்தில் ஒருமுறை. காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், டிபனோடு ஒரு டம்ளர். கடைக்குள் நுழைவதற்கு முன் எங்காவது போய்விட்டு உள்ளே போகட்டும். பத்தரைக்கு ஒரு டம்ளர் குடித்தால் பதினொன்றரைக்குப் போக வேண்டி வரும். சாப்பாட்டோடு ஒன்றரை டம்ளர். நாலு மணிக்கு ஒன்று, ஆறரைக்கு ஒன்று. வீட்டுக்கு வந்ததும் மீதி. மடக் மடக்கென்று இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் அவசரமாகவும் வராது.

பார்லியும் வாழைத்தண்டும் பிடித்தால் குடிக்கட்டும். பார்லித் தண்ணீரில் நன்மை செய்வது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். மோர், நீராகாரம், எலுமிச்சை ஜூஸ் எல்லாமே கணக்கில் சேரும். ஆனால் இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது மாத்திரைக்குப் பதிலாக இவற்றை நம்பக் கூடாது. இரண்டு நாளில் கடுப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. வார்டுக்குத் திரும்ப வந்தவர்களில் பலரும் செய்தது அதைத்தான்.

ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவை என்பதால் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று அதில் தெரியும். சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குளிர் காய்ச்சல், விலாப்பக்கத்தில் அல்லது முதுகில் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இதில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். கர்ப்பமாக இருந்தால் முதல் கடுப்புக்கே போய்விட வேண்டும்.

இன்னொன்றும் நீங்கள் தம்பி என்பதால் அக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். மாதவிலக்கு நாட்களில் நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாத்ரூம் ஐந்தாவது மாடியில் என்றால் அதுவும் நடந்திருக்காது. வீட்டில் அம்மாவோ வேறு பெண்களோ இருந்தால் அவர்கள் பேசட்டும்.

---

கவுண்டர் நம்பர் ஏழு

நர்ஸ் அம்மா எழுதியதைப் படித்ததும் என் கதையையே யாரோ சொன்ன மாதிரி இருந்தது. நானும் கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் வருடக்கணக்கில் நின்றவள். கடை பெயர் வேண்டாம். கடையில் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள், அதற்கு நான் சொல்கிறேன்.

தனியாகப் பேசக் கூடாது. ஒருத்தி போய்ச் சொன்னால் "உனக்கு மட்டும் என்னம்மா?" என்பார்கள். எங்கள் தளத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மேனேஜரிடம் போனோம். சூப்பர்வைசரைத் தாண்டி நேராக மேனேஜர். கையில் ஒரே ஒரு பேப்பர், அதில் மூன்று விஷயம் மட்டும் எழுதியிருந்தோம். பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டாம், பக்கத்துச் செக்‌ஷன் பெண்ணிடம் சொன்னால் போதும். அந்த நேரத்தில் யார் பில் போட்டாலும் சேலை எடுத்துக் காட்டிய பெண்ணின் பெயரில்தான் விழ வேண்டும். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளும் உள்ளே குப்பைக்கூடையும் வேண்டும். முதலில் முகம் சுளித்தார். லீவு போடுகிறவர்களின் கணக்கை எடுத்துக் காட்டினோம். நீர்க்கடுப்பு, கல் என்று எத்தனை பேர் லீவு எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் பேச்சு மாறியது. இன்சென்டிவ் விஷயம்தான் கடைசி வரை இழுத்தது, ஆனால் அது கிடைத்த பிறகுதான் பெண்கள் உண்மையில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். உங்கள் அக்காவும் பில் பற்றிச் சொல்லியிருக்கிறாள், கவனியுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது, அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் போராடித்தான் வாங்கினார்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2022-இல் போட்ட அரசாணையிலும் ஓய்வறை, கழிப்பறை, பொருள் வைக்க லாக்கர் எல்லாம் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒன்பதரையிலிருந்து ஒன்பது வரை என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் சேர்த்துக் கேட்க வேண்டியதுதான். பேசிப் பார்த்து நடக்காவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஆனால் முதலில் பத்து பெண்கள் சேர்ந்து நில்லுங்கள், மனு அப்புறம்.

---

கும்பகோணத்தான்

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் திரியைப் படிக்கிறவர்கள் எல்லோரும் நாளையிலிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கு இரண்டரை லிட்டர் ஊற்ற ஆரம்பித்துவிடாதீர்கள். என் அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். அவருக்கு டாக்டர் சொன்ன கணக்கு: முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அந்த அளவு, அதோடு அரை லிட்டர். அவ்வளவுதான் ஒரு நாளைக்கு, காப்பி ரசம் எல்லாம் சேர்த்து. அதற்கு மேல் போனால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பார்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு இளநீர் வாங்கி வருகிறார்கள். உடம்புக்கு நல்லது என்று பாசத்தோடுதான் வாங்கி வருகிறார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது. வாசலிலேயே நின்று வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறோம். இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் தண்ணீரைக் குறைக்கச் சொல்வதுண்டு. அப்பாவுக்குத் தாகத்தைக் குறைக்க எங்களுக்குக் கைகொடுத்தது உப்பைக் குறைத்ததுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்தினோம். நாக்கு வறண்டால் சின்ன ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறார்.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நர்ஸ் அம்மா, நீங்கள் எழுதியதை அக்காவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். நாப்கின் விஷயம் வந்ததும் போனை வாங்கிக்கொண்டு அவளே படித்தாள். கும்பகோணத்து அண்ணன் சொன்னதைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு 66 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அவரும் தண்ணீர் குடிப்பதே இல்லை, தாகமே எடுக்கவில்லை என்கிறார். கட்டிலிலிருந்து எழுந்தால் கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது. அவருக்குக் கொடுக்கலாமா, கூடாதா?

---

பழைய நர்ஸ்

கும்பகோணத்தார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதை நானே முதலில் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிற அளவுக்கு முக்கியமானது.

அம்மா விஷயத்தில் முதலில் அந்தப் பிபி மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். பிபி மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக வெளியேற்றுகிற ரகம். அது ஒரு பக்கம் தண்ணீரை வெளியே தள்ள, இவர் குடிக்காமலும் இருந்தால் பிபி ஒரேயடியாக இறங்கித் தலை சுற்றும். விழுந்தால் இந்த வயதில் இடுப்பெலும்பு முறியும், அதுதான் பெரிய பயம். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை பிபி பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அதில் தெரியும்), சோடியம், பொட்டாசியமும் பார்க்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இதயத்திலும் சிறுநீரகத்திலும் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னால், தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். வயதானால் தாக உணர்ச்சியே மங்கிவிடும். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் அவருக்குத் தெரியாது. "குடிங்க குடிங்க" என்று சொல்வதைவிட, மணிக்கு ஒருமுறை அரை டம்ளரைக் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கிற வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். காலையில் கொஞ்சம் கஞ்சி, பதினொரு மணிக்கு உப்பு அதிகம் போடாத மோர், மாலையில் டீ, எல்லாம் சேரட்டும். ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம், ராத்திரி இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது விழுகிற ஆபத்து உண்டு. வழியில் ஒரு சின்ன லைட் எரியட்டும்.

திடீரென்று அம்மா சம்பந்தமில்லாமல் பேசினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் முழித்தாலோ வயதாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வயதானவர்களுக்குத் தண்ணீர் குறைவும் சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான் காட்டும். சில நேரம் காய்ச்சல்கூட இருக்காது. உடனே ஆஸ்பத்திரி.

---

திண்டுக்கல் டீச்சர்

ஜவுளிக்கடைப் பிரச்சினை பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை நான். எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை நிறைத்துக் கொண்டுவந்து அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். மதியம் தலைவலி என்று மேஜையில் சாய்ந்திருக்கும் பிள்ளையைக் கேட்டால், காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடித்திருக்காது.

கேரளாவில் 2019-இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவே தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வாட்டர் பெல் வந்தது, காலை 11, மதியம் 1, மாலை 3. நல்ல ஏற்பாடு, மணி அடித்ததும் பையன்கள் மடமடவென்று குடிக்கிறார்கள். பெண் பிள்ளைகள் உதட்டை நனைத்துவிட்டு மூடிவிடுவார்கள். எங்கள் பள்ளியில் கழிப்பறை மூன்றில் ஒன்றுக்குத்தான் தாழ்ப்பாள் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் பேசி, மூன்று கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டு, வாளியும் மக்கும் வைத்து, காலையும் மதியமும் கழுவ ஆள் ஏற்பாடு செய்தோம். அதற்குப் பிறகுதான் அந்த மணிக்குப் பெண்கள் பக்கமும் பாட்டில் காலியானது. செலவு என்று பார்த்தால் சொற்பம்தான். கவுண்டர் நம்பர் ஏழு சகோதரி எழுதிய பேப்பரிலும் தாழ்ப்பாள் இருந்ததைப் பார்த்தேன்.

---

வைகைக்கரை

அம்மாவை நாளைக்குக் காட்ட டோக்கன் போட்டுவிட்டேன், மாத்திரை அட்டையையும் எடுத்து வைத்திருக்கிறேன். அக்காவுக்குக் கல்ச்சர் கொடுத்தாயிற்று. அவள் செக்‌ஷனில் இன்னொரு பெண்ணுக்கும் இதே தொந்தரவாம், இரண்டு பேரும் மற்றவர்களிடம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜரைப் பார்ப்பதாகத் திட்டம். அதுவரைக்கும் பதினொன்றரைக்குப் போக முடியாத நாளில் என்ன செய்வது என்று அக்கா கேட்கச் சொன்னாள்.

---

பழைய நர்ஸ்

அந்த நாளிலும் பத்தரைத் தண்ணீரை விட வேண்டாம், அரை டம்ளராகக் குறைத்துக்கொள்ளட்டும். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட உட்காருவதற்கு முன்பே போய்விட்டு வரச் சொல்லுங்கள், சாப்பிட்ட பிறகு என்றால் அழைத்துவிடுவார்கள். போகும்போது அவசரப்படாமல் முழுவதும் போய்விட்டு வரட்டும். மாத்திரை ஐந்து நாளும் முடிய வேண்டும். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும், வந்ததும் டாக்டரிடம் காட்டிவிட்டு இங்கேயும் எழுதுங்கள் தம்பி.